கீவேர்ட் மென்பொருளுக்கு மாதம் 10 ஆயிரமா? சிலமலையிலிருந்து ஏலக்காய் விற்பவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு!

‘ஏலம்’ என்ற ஒற்றைச் சொல்லை உங்கள் போனில் தட்டித் தேடிப் பாருங்கள். வங்கி ஜப்தி செய்த வீடு, அடகு நகை, ஐ.பி.எல். வீரர்கள் என்று எதன் ஏலமும் வந்து நிற்கலாம். ஆனால், போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘ஏலம் என்ன விலை போகுது?’ என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் வராது. அங்கே ஏலம் என்றால் ஏலக்காய். அந்த ஏலக்காய் விலைபோவதும் ஏலத்தில்தான்!

ஊருக்குள் எல்லோருக்கும் சட்டென்று புரிகிற ஒரு சொல், இணையத்துக்குள் போனதும் வழி தவறிவிடுகிறது. சிறிய ஊர்களிலிருந்து ஆன்லைனில் பொருள் விற்க வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இதற்குத் தீர்வு என்று சொல்லித்தான் ‘கீவேர்ட் ரிசர்ச்’ மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. மக்கள் கூகுளில் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள், எத்தனை முறை தேடுகிறார்கள், அந்த வார்த்தைக்கு எவ்வளவு போட்டி இருக்கிறது என்று சொல்லும் கருவிகள் இவை.

இவற்றில் எதை வாங்குவது, இலவசமாகக் கிடைப்பதே போதாதா, தமிழில் தேடுபவர்களின் கணக்கு இவற்றில் சரியாக வருமா?

பதில் தேட சிலமலைக்குப் போவோம்.

மலையடிவாரத்து ஊர்... மலையேறும் வியாபாரம்

தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் ஒன்றியத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சிலமலை. பக்கத்தில் போடி. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்கள். காய் விளைவது மேலே. அதன் வியாபாரத்தில் பெரும்பங்கு நடப்பது கீழே போடியில்.

மத்திய அரசின் நறுமணப் பொருள்கள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு, 2007-ம் ஆண்டு போடியில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. ஏலம் நடந்த அன்றைக்கு எவ்வளவு காய் வந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்ற விவரங்களை வாரியமே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. மலையில் வேலை செய்பவர் முதல் வெளிமாநில வியாபாரி வரை தினமும் கவனிக்கிற எண்கள் அவை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தாலும் அதன்பின் வந்த வறட்சியாலும் விளைச்சல் அடிவாங்க, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2010 கடைசியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடியும் ஊருக்குள் வந்துவிட்டது. கூரியர் இருக்கிறது, யு.பி.ஐ. இருக்கிறது. அப்புறம் என்ன... ‘நாமே நேரடியாக ஆன்லைனில் விற்றால் என்ன?’ என்ற யோசனை வருவது இயல்புதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்

சிலமலையில் ஓர் அப்பா, ஒரு மகள். அப்பாவுக்குக் காய் வியாபாரத்தில் பல வருட அனுபவம். கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். மகள் பி.காம். முடித்தவர். போடி வியாபாரிகளிடம் தரம் பிரித்த காயை வாங்கி, 100 கிராம், 250 கிராம் பாக்கெட்டுகளாகப் போட்டு விற்க ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறார்கள். உணவுப் பொருள் விற்பனைக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் வாங்கியாயிற்று. தளம் அழகாக இருக்கிறது. ஆர்டர்தான் வரவில்லை.

ஒரு நாள் மகள் போனை நீட்டுகிறார். “அப்பா, இந்த சாஃப்ட்வேர் வாங்குனா எந்த வார்த்தையைப் போட்டா கூகுள்ல முன்னாடி வரலாம்னு காட்டிடுமாம்ப்பா. மாசம் பத்தாயிரம் ரூவா பக்கம் ஆகும்.”

“பத்தாயிரமா? அந்தக் காசுக்கு எத்தனை பாக்கெட் விக்கணும்னு கணக்குப் பாத்தியா தாயி?”

அப்பாவின் கேள்வி சரியான கேள்வி. ஒரு கிலோவுக்கு எல்லாச் செலவும் போக 300 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், மென்பொருள் சந்தாவை மட்டும் கட்டவே மாதம் 33 கிலோவுக்கு மேல் விற்றாக வேண்டும். 250 கிராம் பாக்கெட்டாகப் பார்த்தால் 134 பாக்கெட். இன்னும் பத்து பாக்கெட்டே போகாத கடைக்கு இது பெரிய சுமை.

அதற்காக மகள் சொன்னதும் தவறில்லை. எந்த வார்த்தையில் தேடுகிறார்கள் என்று தெரியாமல் தளம் நடத்துவது, பெயர்ப் பலகை இல்லாமல் கடை வைத்ததுபோலத்தான். மகள் கேட்பது தேவையான விஷயம். அதை வாங்கப்போகிற வழியைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரே காய்... எத்தனை பெயர்!

ஏலக்காயைத் தேடுபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தேடுவதில்லை. ‘ஏலக்காய்’ என்று தமிழில் தட்டுகிறவர் ஒருவர். அதே சொல்லை ஆங்கில எழுத்தில், தனக்குத் தோன்றியபடி தட்டுகிறவர் இன்னொருவர். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் ‘கிரீன் கார்டமம்’ என்று தேடலாம். டெல்லிக்காரர் ‘இலாய்ச்சி’ என்பார். கூகுளின் குரல் தேடல் 2017-லேயே தமிழுக்கும் வந்துவிட்டதால், தட்டச்சு பழக்கம் இல்லாத பாட்டியும் ‘நல்ல ஏலக்கா கிலோ என்ன வெல’ என்று வாயாலேயே கேட்டுவிடுவார்.

வியாபாரத்துக்குள் வேறு மொழி. 8 மி.மீ., 7 மி.மீ. என்று காயின் பருமனைச் சொல்லிப் பேசுவார்கள். உலகச் சந்தையில் இந்தக் காய்க்கு ‘ஆலப்பி கிரீன்’ என்று பெயர். கடலோர ஊரான ஆலப்புழையில் ஏலக்காய் விளைவதில்லை. திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் மலைக் காய் அங்கே கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து விற்பனையானதால் அந்தத் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அதே பெயரில் புவிசார் குறியீடும் இருக்கிறது. விளைவித்த ஊரின் சொல் ஒன்று. வாங்கியவர் வாயில் நிலைத்த சொல் வேறொன்று. கூகுள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்த கீவேர்ட் பாடம் இது.

விலை தேடுபவர் வேறு... வாங்க வருபவர் வேறு!

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கே. ‘இன்றைய ஏலக்காய் விலை’ என்பதைத்தான் நிறைய பேர் தேடுவதாக மென்பொருள் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே தினமும் ஒரு விலைப் பக்கம் எழுதி, அந்த வார்த்தையில் முன்னுக்கு வர முயற்சி செய்வார்கள்.

ஆனால், அதைத் தேடுகிறவர் யார்? தோட்டம் வைத்திருப்பவர், காயை இருப்பு வைத்திருக்கும் வியாபாரி, தரகர். அவர்களிடமே காய் இருக்கிறது. அவர்கள் உங்களிடம் 100 கிராம் பாக்கெட் வாங்கப் போவதில்லை. தளத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் கல்லாவில் ஒன்றும் விழாது.

இன்னொருவர் ‘8 மி.மீ. ஏலக்காய் 250 கிராம்’ என்று தேடுகிறார். மாதத்துக்கு இருபது தேடல்தான் வரலாம். ஆனால், அவர் பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தேடுகிறவர். ‘கலர் போட்ட ஏலக்காயைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று தேடுபவர் மூன்றாவது ரகம். இன்றே வாங்க மாட்டார். ஆனால், நல்ல காய் வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருக்கிறது. அவருக்கு நேர்மையாக, படத்தோடு பதில் சொல்லும் தளம் அவர் நினைவில் நிற்கும்.

ஒரு வார்த்தையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை மென்பொருள் சொல்லும். அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் வாடிக்கையாளரா என்பதை, காய் வியாபாரம் தெரிந்த அப்பாதான் சொல்ல முடியும். சில கட்டண மென்பொருள்கள் ‘தகவல் தேடல்’, ‘வாங்கும் தேடல்’ என்று தாமாகவே முத்திரை குத்தித் தருகின்றன. ‘ஏலம்’ என்ற சொல்லின் இரட்டை அர்த்தத்தில் அவை எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் சில தேடல்களுக்கு ஏ.ஐ. உருவாக்கிய பதிலை மேலேயே காட்டத் தொடங்கிவிட்டது. ஒற்றை வரியில் முடிகிற கேள்வி என்றால், பலர் அங்கேயே படித்துவிட்டுப் போய்விடுவார்கள். தேடல் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாததற்கு இது இன்னொரு காரணம்.

பைசா செலவில்லாத நான்கு கருவிகள்

காசு கொடுப்பதற்கு முன்னால், கூகுளே இலவசமாகத் தருகிற நான்கைப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, தேடல் பெட்டியேதான். ‘ஏலக்காய்’ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டால், கீழே பரிந்துரைகள் வரிசையாக இறங்கும். பிறர் தேடியவற்றின் அடிப்படையில் வருபவை அவை. இதையே தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு பட்டியலும் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராமல் இருக்க, இன்காக்னிட்டோ முறையில் தேடுவது நல்லது. யூடியூப், அமேசான், ஃப்ளிப்கார்ட் தேடல் பெட்டிகளிலும் இதையே செய்யலாம். வாங்குகிற எண்ணத்தோடு வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது ஷாப்பிங் தளங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, கூகுள் ட்ரெண்ட்ஸ். 2006-ல் தொடங்கப்பட்டது. ஒரு வார்த்தை எந்த மாதத்தில் அதிகம் தேடப்படுகிறது, எந்த மாநிலத்தில் தேடப்படுகிறது என்று வரைபடமாகக் காட்டும். இதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் பார்க்கும் காலத்தில் உச்சம் எதுவோ அதை 100 என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. தீபாவளி, பொங்கல், ரம்ஜான் சமயங்களில் வரைபடம் ஏறுகிறதா என்று பார்த்து, ஒரு மாதம் முன்பே பக்கங்களைத் தயார் செய்ய இது உதவும்.

மூன்றாவது, கூகுள் கீவேர்ட் பிளானர். கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களுக்காக உருவானது. கூகுள் ஆட்ஸ் கணக்கு இருந்தால் பயன்படுத்தலாம். இடத்தைத் தமிழ்நாடு என்று குறுக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால், விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குகளுக்குத் துல்லியமான எண்ணைப் பொதுவாகக் காட்டாது. ‘100 முதல் 1,000 வரை’ என்பதுபோல ஒரு வீச்சாகத்தான் காட்டும். நூறா, ஆயிரமா? பத்து மடங்கு வித்தியாசம்! அதனால், எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிடுவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ‘போட்டி’ என்று ஒரு பத்தி வரும். அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்த வார்த்தைக்கு விளம்பரம் கொடுக்க எத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள் என்பதுதான் அது. ‘போட்டி குறைவு’ என்று இருந்தால், காசு கொடுக்காமல் முதல் பக்கத்தில் வருவது எளிது என்று அர்த்தமில்லை.

நான்காவது, கூகுள் சர்ச் கன்சோல். நான்கில் முக்கியமானது இதுதான். உங்கள் தளம் எந்தெந்த வார்த்தைகளுக்குத் தேடலில் தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதை 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். மிக அரிதான தேடல்களை, தேடியவரின் தனியுரிமை கருதி மறைத்துவிடும். மற்றபடி, மற்ற கருவிகள் பெரும்பாலும் மதிப்பீடு. இது உங்கள் கடைக்கு வந்தவர்களின் சொந்தப் பதிவேடு. தளம் தொடங்கிய அன்றே இதை இணைத்துவிட வேண்டும். எத்தனையோ பேர் இதைச் செய்யாமலேயே கட்டண மென்பொருள் தேடிப் போகிறார்கள்.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது வாட்ஸ்அப். வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகளைப் படியுங்கள். ‘அண்ணே, பாயசத்துக்குப் போடற மாதிரி சின்னக் காய் இருக்கா?’, ‘டீக்கடைக்கு உடைஞ்ச காய் கிலோ கணக்குல கிடைக்குமா?’ என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை அதே வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் நடக்கும் தேடல்களில் சுமார் 15 சதவிகிதம் இதுவரை தேடப்படாத புதிய தேடல்கள் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. எந்த மென்பொருளின் பட்டியலிலும் இல்லாத அந்த வார்த்தைகள் உங்கள் போனில் இருக்கலாம்.

கட்டண மென்பொருள் என்ன தருகிறது?

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில. 2008-ல் தொடங்கிய செம்ரஷ், 2010-ல் வந்த அஹ்ரெஃப்ஸ், அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த மாஸ், 2017-ல் நீல் படேல் வாங்கிய உபர்சஜஸ்ட். சாதாரணச் சந்தை இல்லை இது. செம்ரஷ்ஷை 190 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அடோபி நிறுவனம் அறிவித்தது.

செம்ரஷ், அஹ்ரெஃப்ஸ் போன்றவற்றின் முழு வசதித் திட்டங்கள் மாதம் 100 டாலருக்கு மேல். குறைந்த வசதியோடு மலிவான திட்டங்களும், இலவசமாகச் சில தேடல்களும் சிலவற்றில் உண்டு. காசுக்கு இவை தருகிற உருப்படியான விஷயங்கள் மூன்று. உங்கள் போட்டியாளர் தளத்துக்கு எந்த வார்த்தைகளால் ஆள் வருகிறார்கள் என்ற மதிப்பீடு, அந்தத் தளத்துக்கு வேறு எந்தெந்தத் தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்ற பட்டியல், ஆயிரக்கணக்கான வார்த்தைகளை ஒரே சமயத்தில் அலசும் வேகம்.

நூற்றுக்கணக்கான பொருள் விற்கும் கடைக்கும், பல வாடிக்கையாளர்களுக்கு எஸ்.இ.ஓ. செய்து கொடுக்கும் நிறுவனத்துக்கும் இந்த வேகத்துக்கு விலை உண்டு. நாலு வகை ஏலக்காய் பாக்கெட் விற்கும் தளத்துக்கு?

இரண்டு எச்சரிக்கைகளை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று, ‘கீவேர்ட் டிஃபிகல்ட்டி’ எனப்படும் கடினத்தன்மை எண். இது கூகுள் தருவதல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் கணக்கிடுவது. உதாரணத்துக்கு, முதல் பத்து இடங்களில் இருக்கும் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்து அஹ்ரெஃப்ஸ் இதைச் சொல்கிறது. அதனால் ஒரே வார்த்தைக்கு இரண்டு மென்பொருள் இரண்டு எண் காட்டினால் ஆச்சர்யப்பட வேண்டாம்.

இரண்டு, தமிழ். இந்திய மொழிகளில் இணையத்தை அதிகம் கைக்கொண்டவர்கள் தமிழர்கள் என்று 2017-ல் வெளியான கூகுள் - கே.பி.எம்.ஜி. அறிக்கை சொன்னது. கூகுளின் விளம்பரச் சேவைகளில் தமிழ் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தது 2018-ல். ஆனாலும் பல மென்பொருள்களின் சேமிப்பில் ஆங்கில வார்த்தைகளுக்கு இருக்கும் ஆழம் தமிழுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘போடி ஏலக்காய்’ என்று போட்டு பூஜ்யம் வந்தால், யாரும் தேடவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த மென்பொருளிடம் கணக்கு இல்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கலாம்.

வாங்கும் முன் ‘பத்து வார்த்தை’ பரீட்சை

காயை வாங்கும் முன் ஒரு பிடி அள்ளி, தட்டில் கொட்டிப் பார்ப்பது வியாபாரிகளின் வழக்கம். மென்பொருளையும் அப்படியே பார்க்கலாம். இலவசச் சோதனைக் காலத்தில் அரை மணி நேரம் போதும்.

* சர்ச் கன்சோலில் உங்கள் தளத்துக்கு ஏற்கெனவே ஆள் கொண்டுவந்த பத்து வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் நான்கு, ஆங்கில எழுத்தில் தமிழாக மூன்று, ஆங்கிலத்தில் மூன்று என்று கலந்து இருக்கட்டும்.

* அவற்றை மென்பொருளில் இந்தியா என்று தேர்வு செய்து போட்டுப் பாருங்கள். எத்தனைக்குக் கணக்கு இருக்கிறது, எத்தனைக்குப் பூஜ்யம் வருகிறது என்று எண்ணுங்கள். தமிழ் நான்குமே பூஜ்யம் என்றால், அது உங்களுக்கான மென்பொருள் இல்லை.

* எண்களின் வரிசை பொருந்துகிறதா என்று பாருங்கள். சர்ச் கன்சோலில் அதிக முறை தோன்றிய வார்த்தை இங்கேயும் மேலே வருகிறதா? வரிசை ஓரளவு ஒத்துப்போனால் போதும்.

* ‘ஏலம்’ என்று மட்டும் போட்டு, தொடர்புடைய வார்த்தைகளைக் கேளுங்கள். ஏலக்காய் வருகிறதா, அடகு நகை வருகிறதா? தமிழை அது எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

* உங்களுக்குத் தெரியாத, ஆனால் பயன்படக்கூடிய புதிய வார்த்தைகள் ஐந்தாவது தருகிறதா? தரவில்லை என்றால் எதற்காகக் காசு?

பரீட்சையில் தேறினால், அடுத்து காசு விஷயம். ஜி.எஸ்.டி. சேர்த்து ரூபாயில் எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை தேடலாம்? பட்டியலை எக்ஸெல்லில் இறக்கிக்கொள்ள முடியுமா? சோதனைக் காலம் முடிந்ததும் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுக்குமா? ரத்து செய்யும் பட்டன் எங்கே இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை, கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுங்கள். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்பார்கள். முதல் முறை வாங்குபவருக்கு மாதச் சந்தாதான் பாதுகாப்பு.

சிறு வியாபாரிகளுக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. வார்த்தைகள் தினமும் மாறுவதில்லை. ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி, வேண்டிய பட்டியல்களை எல்லாம் இறக்கிக்கொண்டு, சந்தாவை நிறுத்திவிடலாம். ஆறு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடியும் ஒரு மாதம்.

இந்தப் பொறிகளில் சிக்காதீர்கள்

‘முதல் பக்கம் கேரன்ட்டி’ என்று போன் வரும். கூகுளில் முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படி உறுதி தருகிறவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துக்காட்டுங்கள்.

கண்டுபிடித்த வார்த்தையை ஒரே பக்கத்தில் ஐம்பது முறை எழுதி நிரப்புவது பலன் தராது. அது கூகுளின் விதிகளுக்கும் எதிரானது. பக்கத்தின் பின்புறம் எழுதப்படும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதை எழுதித் தருவதற்கு இன்றைக்கும் யாராவது தனியாகக் காசு கேட்டால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

மூன்றாவது பொறி ஆபத்தானது. மென்பொருள், நோய்ப் பெயர்களோடு சேர்ந்த வார்த்தைகளை நிறையத் தேடல் இருப்பதாகக் காட்டக்கூடும். ‘சர்க்கரை நோய்க்கு ஏலக்காய்’ என்று பக்கம் எழுதி, கீழே பாக்கெட்டை விற்கத் தோன்றும். வேண்டாம். ஓர் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பதை 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விளம்பர ஒழுங்குமுறை விதிகள் தடுக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிற ஒருவர் இருந்தால், அந்தப் பாவத்துக்கு எந்தக் கீவேர்டும் ஈடாகாது.

எப்போது வாங்கலாம்?

அப்படியானால் கட்டண மென்பொருளே வேண்டாமா? அப்படியில்லை. சர்ச் கன்சோலில் சில மாதக் கணக்கு சேர்ந்துவிட்டது, அதில் வந்த வார்த்தைகளுக்கெல்லாம் பக்கம் எழுதியாகிவிட்டது, ஏலக்காயோடு மிளகு, காபி, போடி இலவம் பஞ்சு என்று பொருள்கள் பெருகிவிட்டன, தளத்திலிருந்து வரும் மாத லாபம் சந்தாவைப்போல நான்கைந்து மடங்கு ஆகிவிட்டது. அப்போது வாங்கலாம். வேலை செய்யும் கைக்கு நல்ல கருவி கிடைத்தால் வேலை ஓடும். வேலையே தொடங்காத கைக்குக் கருவி சுமைதான்.

சிலமலைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்கள் இன்று இரவே செய்யக்கூடியது இது. மகள் சர்ச் கன்சோலை இணைக்கட்டும். அப்பா, இத்தனை வருடத்தில் காய் வாங்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். மகள் அவற்றை நாற்பது பக்க நோட்டில் எழுதட்டும். ‘நிறம் ஏன் வெளுக்குது?’, ‘ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம்?’, ‘ஒரு கிலோ காய்ஞ்ச காய்க்கு எத்தனை கிலோ பச்சைக்காய் வேணும்?’ கடைசிக் கேள்விக்கு அப்பாவிடம் உடனே பதில் இருக்கும்: சுமார் நான்கு முதல் ஐந்து கிலோ. அந்த ஒரு வரிக்குள் ஏலக்காய் ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. அதை ஒரு பக்கமாக எழுதினால், படிக்கிறவர் விலையைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்.

இப்படிப் பத்துக் கேள்விக்குப் பத்துப் பக்கம். வாரம் ஒன்று என்று எழுதினாலும் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் சர்ச் கன்சோல் தன் முதல் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கும். அந்தப் பத்து வாரமும் மிச்சமாகும் சந்தாப் பணத்தில் நல்ல பாக்கெட் அச்சடிக்கலாம், நாலு பேருக்குச் சாம்பிள் அனுப்பலாம்.

தட்டில் கொட்டிப் பார்க்காமல் அப்பா ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. மகள் மென்பொருள் வாங்கும்போதும் அந்த வழக்கம் தொடர்ந்தால் போதும்.